பத்தியம் இல்லாத ஊசி

எருமப்பட்டிப் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி நடக்கும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். தனபால் யாருக்குப் பக்கத்து இலையில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறாரோ, அந்த ஆள் அன்றைக்குக் கோபமாக வந்திருக்கிறார் என்று பொருள். பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பா, சீர்த்தட்டில் தேங்காய் சிறுத்துவிட்டதென்று முகம் பெருத்துப்போன சம்பந்தி, ஒரு காரணமும் இல்லாமல் எழுந்து போவதற்கென்றே வேட்டியை மடித்துக் கட்டியிருக்கும் மாப்பிள்ளை, இவர்களுக்கெல்லாம் இலை போடுவதற்கு முன்பே தனபாலைப் போட்டுவிடுவார்கள்.

அவர் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வலது கையைத் தூக்கி அந்த ஆளின் தோளில் வைப்பார். தட்டுவது, அழுத்துவது எதுவும் கிடையாது. முட்டையை அட்டைத் தட்டில் வைப்பதுபோல வைப்பார். "உடுங்க பங்காளி. நம்மூட்டுக் காரியம்" என்பார். கர்ஜித்துக்கொண்டிருந்த ஆள் அப்படியே ரசத்துக்குக் குழி பறிக்க ஆரம்பித்துவிடுவார். எதற்காக அடங்கினோம் என்று பிற்பாடு யோசித்தவர்கள் உண்டு. விடை கண்டவர் இல்லை.

மற்றபடி அவர் சாதாரண ஆள். ஊருக்குக் கிழக்கே ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம் "உங்க காலுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்கும் ரகம். அவருடைய கை பலிக்காத தோள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது அவர் மனைவி சென்னியம்மாளுடையது. அந்த அம்மாள் கோபப்பட்டால் பண்ணைக் கோழிகள் அரை நாள் முட்டையை நிறுத்தி வைக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. கோழிகளைக் கேட்டால்தான் தெரியும்.

இப்படிப்பட்ட தனபாலுக்கு ஒரு இருமல் வந்தது. போகவில்லை. யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று அவரும் சொல்லவில்லை. கடைசியில் சென்னியம்மாள்தான் காதைப் பிடிக்காத குறையாக அவரைச் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். படம் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. வாலிபத்தில் லாரி ஓட்டிய காலத்தில் குடித்த பீடியெல்லாம் கணக்குத் தீர்க்க வந்திருந்தது.

டாக்டர் யாழினி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வயது குறைவு, பொறுமை அதிகம். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் படம் போட்டுக்கொண்டே விளக்கினாள்.

"ஐயா, உங்க ரத்தத்துல காவல்காரச் செல்லுங்க சுத்திக்கிட்டே இருக்கும். கெட்டவனப் பாத்தா அடிச்சிடும். உங்க கட்டியையும் பாத்துடுச்சு. அடிக்கவும் போயிருக்கு."

"அப்பறம் ஏனுங்க அடிக்கல?"

"கட்டி அதோட தோள்ல கைய வச்சிடுச்சு."

தனபால் நாற்காலியில் நிமிர்ந்தார். சென்னியம்மாள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"தோளுன்னா நிஜத் தோள் இல்லம்மா" என்று டாக்டர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பில் ஒரு குச்சியை நட்டாள். "செல்லோட சுவர்ல இப்படி ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும். ரிசெப்டார்னு சொல்லுவோம். இதுல அடக்கி வைக்கிற ரிசெப்டார்னு ஒரு வகை இருக்கு. பாதி வெளியே, பாதி உள்ளே. வெளிய இருக்கிறதுதான் தோள். சுவரைத் தாண்டி உள்ள ஒரு வால் தொங்கும். வெளிய தோள்ல கை விழுந்ததும், உள்ள வால்ல ரெண்டு இடத்துல கொக்கி மாதிரி ஒண்ணு தயாராகும். அந்தக் கொக்கியில ஒரு ஆள் வந்து தொத்திக்குவான். அவனுக்கு ஒரே வேலைதான். 'அடி, அடி'ன்னு உள்ள எரிஞ்சிக்கிட்டிருக்கிற விளக்கையெல்லாம் ஊதி ஊதி அணைக்கிறது."

"ஏன் சாமி, எல்லாச் செல்லுக்கும் இந்தத் தோளு இருக்குங்களா?" என்றாள் சென்னியம்மாள்.

"நல்ல கேள்விம்மா. சும்மா இருக்கிற செல்லுல இது அவ்வளவா இருக்காது. சண்டைக்குன்னு கிளம்பின பிறகுதான் நிறைய முளைக்கும். எவன் கோபமா இருக்கானோ அவனுக்குத்தான் தோளு."

"செரியாப் போச்சு. பந்தியில உக்கார வைக்கிற கணக்குத்தான்."

டாக்டருக்கு அது புரியவில்லை. தனபாலுக்கு நன்றாகப் புரிந்தது. தான் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த புண்ணியத்தை ஒரு கட்டி தன் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்து, தன்னைவிடத் திறமையாகச் செய்துகொண்டிருக்கிறது. 'உடுங்க பங்காளி, நம்மூட்டுக் காரியம்.' அவருக்குக் கட்டியின் மேல் கோபம்கூட வரவில்லை. ஒரு தொழில்காரனுக்கு இன்னொரு தொழில்காரன் மேல் வரும் லேசான பொறாமைதான் வந்தது.

"இப்ப நாம போடப் போற ஊசி என்ன பண்ணும்னா, அந்தத் தோள் மேல போய் உறை மாதிரி உக்காந்துக்கும். கட்டி கைய நீட்டும். வைக்க இடம் இருக்காது. காவல்காரன் அடங்காம அடிப்பான். உங்க கட்டியில அந்தக் கை ஏராளமா இருக்குன்னு டெஸ்ட்டுல தெரியுது. அதனால இந்த ஊசி கேக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. கேட்டா கட்டி சுருங்கும். கேக்கலைன்னா வேற வழி பாக்கணும். அது கொஞ்சம் கஷ்டமான வழி."

சொல்லாமல் விட்டது என்ன என்று இருவருக்கும் தெரிந்தது. ஊசி கேட்டால் தனபால் இருப்பார்.

பிறகு சென்னியம்மாள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"பத்தியம் ஏதுங்க சாமி?"

"பத்தியம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சாப்பிடலாம். ஆனா இது முக்கியம், கேளுங்க. வயிறு கழிஞ்சாலோ, மூச்சு வாங்கினாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே எனக்குப் போன் பண்ணணும். நேரம் காலம் பாக்க வேண்டாம். இந்தாங்க நம்பர்."

பத்தியம் இல்லை என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் சென்னியம்மாளின் காதில் ஏறவில்லை. மஞ்சள் காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுப்பவர் உப்பையும் புளியையும் ஒதுக்கச் சொல்வார். சுளுக்கு எடுப்பவர்கூட மூன்று வேளைக்கு வாழைக்காய் வேண்டாம் என்பார். சும்மா திருநீறு மந்திரித்துக் கொடுப்பவரும் ஏதாவது ஒன்றை விலக்கிவைத்தால்தான் அவருக்கு மரியாதை. இத்தனை பெரிய ஊசிக்கு, விலையைச் சொல்லும்போது டாக்டரே குரலைத் தாழ்த்திக்கொண்ட ஊசிக்கு, பத்தியம் இல்லையாம். மருந்து பாதி, பத்தியம் பாதி என்றால், இவர்கள் பாதியைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மீதிப் பாதியை அவள் முதல் ஊசி முடிந்து நாமக்கல் பேருந்தில் வரும்போதே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, ஊசி என்ன பண்ணுதுன்னு சொன்னாங்க?"

"தோள மூடுதாமா."

"எதுக்கு?"

"சமாதானம் ஆகாம இருக்க."

"உள்ளாற ஊசி சமாதானம் வேண்டாம்ங்குது. வெளிய நீங்க போற வார பக்கமெல்லாம் சமாதானம் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சா மருந்து எப்புடிங்க புடிக்கும்? கத்தாழைச் சாறு குடிச்சுப்போட்டு வறமொளகாயக் கடிச்ச மாதிரி ஆயிராதா?"

அந்தக் கணக்கில் ஏதோ தவறு இருப்பதாகத் தனபாலுக்குப் பட்டது. எங்கே என்று தெரியவில்லை.

"இன்னைக்கு இருந்து எவன் தோள்லயும் கை வைக்கப்படாது. எவன் அடிச்சுக்கிட்டாலும் அடிச்சுக்கட்டும். தெனமும் காலைல ஒருத்தர் கூடவாச்சும் சண்டை போடோணும். இதான் பத்தியம்."

"நானுங்களா?" என்றார் தனபால்.

"பின்னே? ஊசி எனக்கா போட்டாங்க?"

உலகத்தில் மீன் தின்னாமல் இருந்தவர்கள் உண்டு, தயிரை விட்டவர்கள் உண்டு. நல்ல குணத்தைப் பத்தியமாக விடச் சொன்னது அநேகமாக இதுதான் முதல் தடவை.

முதல் ஊசி போட்டு வந்த மறுநாள் காலையிலேயே ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. தீவன மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று பண்ணைக் கேட்டை அடைத்து நின்றது. முட்டை வண்டி வெளியே போக வழி இல்லை. சென்னியம்மாள் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, "போங்க" என்றாள். தனபால் போருக்குப் போகிறவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். டிரைவர் சந்தோஷ்குமார் கேபினில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

தனபால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசினார். மண்ணில் ஒரு உதை விட்டார். வாசலிலிருந்து பார்த்தால் பயங்கரமாக இருந்தது. வார்த்தை மட்டும் வேறாக வந்தது.

"தம்பி, நல்லாருக்கீங்களா? ராத்திரி பூரா ஓட்டிக்கிட்டு வந்தீங்களா?"

சந்தோஷ்குமாருக்குப் பல்பசை தொண்டைக்குள் போயிற்று. "ஏனுங்கண்ணா, என்னாச்சுங்க? எதுக்குக் கைய இப்புடி ஆட்டறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி. ஊட்டுல பாக்கறாங்க. எனக்கு ஒடம்பு சொகமில்லே, வைத்தியம் இது. நீங்களும் சித்தெ எறங்கி வந்து கைய ஆட்டுனீங்கன்னா புண்ணியமாப் போகும்." சொல்லிக்கொண்டே லாரியின் கதவை ஓங்கி அறைந்தார். "டீ சாப்பிட்டீங்களா?"

சந்தோஷ்குமார் நல்ல பையன். இறங்கி வந்து பிரஷ்ஷை நீட்டி, கண்ணை உருட்டி, "இன்னும் இல்லீங்கண்ணா! சக்கரை கம்மியாச் சொல்லுங்க!" என்று அடித்தொண்டையில் உறுமினான். கொஞ்ச நேரத்தில் லாரி நகர்ந்தது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்த கணவனைச் சென்னியம்மாள் பெருமையாகப் பார்த்து, மோர் கொடுத்தாள். "மொகத்துல தெளிச்சி தெரியுதுங்க" என்றாள்.

இப்படியே பல காலைகள் போயின. பால்காரரோடும் மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவரோடும் தனபால் கையால் சண்டையும் வாயால் உறவும் நடத்தினார். எருமப்பட்டியில் அவரோடு சண்டை போடுவதற்கென்றே சிலர் வந்துபோக ஆரம்பித்தார்கள். டீ நிச்சயம் அல்லவா? இருமல் குறைந்தது. ஊசியா, பத்தியமா என்ற கேள்வி அந்த வீட்டில் எழவே இல்லை.

சோதனை பங்காளி காளிதாஸ் வடிவத்தில் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர். கோபம் அவருக்கு மூக்கின் மேல் என்பது தவறு. மூக்கே கோபத்தின் மேல்தான் இருந்தது. அவர் மகள் தனப்பிரியாவுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. பெண்ணின் தாய்மாமன் கோகுல்ராஜ் கெங்கவல்லியில் மக்காச்சோள வியாபாரி. மைத்துனனுக்கு நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டிய காளிதாஸ், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டிருந்தார். கோகுல்ராஜ் பதிலுக்கு ஒரு கட்டை விரல் படத்தை அனுப்பியிருந்தார். அந்தக் கட்டை விரல் கீழே பார்த்தது.

"தாய்மாமன் இல்லாம சீர் எப்புடிப் பண்றது? நீ ஒருக்கா போய் அவன் தோள்ல கை வச்சிப்போட்டு வா பங்காளி" என்றார் காளிதாஸ்.

தனபால் பேசுவதற்குள் சென்னியம்மாள் வந்துவிட்டாள்.

"அதெல்லாம் ஆகாதுங்க. எங்கூட்டுக்காரர் பத்தியத்துல இருக்காரு."

"கெங்கவல்லில நான் கறி தின்னச் சொல்லலியே! பேசத்தான சொன்னேன்?"

"அந்தப் பேச்சுத்தானுங்க பத்தியம்."

காளிதாஸ் தனக்குப் புரியாத எல்லா விஷயத்துக்கும் செய்வதைச் செய்தார். கோபித்துக்கொண்டு போனார். போகிறவரின் தோள் தனபாலின் கைக்கு எட்டும் தூரத்தில் போயிற்று. அவர் விரல்கள் தாமாக அசைந்தன.

இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், சோளம் விலை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கெங்கவல்லிக்குப் பஸ் ஏறிவிட்டார். பொய் அல்ல. விலையையும் பார்த்தார். கோகுல்ராஜ் மூட்டைகளுக்கு நடுவே கட்டிலில் படுத்திருந்தார். தனபாலைக் கண்டதும் எழுந்து, "நீங்க கைய வைக்காம பேசுங்க மாமா. வச்சீங்கன்னா நான் ஒத்துக்குவேன்னு எனக்குத் தெரியும்" என்று பின்வாங்கினார். பின்னால் சோள மூட்டை. தனபால் கையை வைத்தார். கோகுல்ராஜ் கல்யாணத்துக்கு வர ஒத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், ஆத்தூர் தாண்டுவதற்குள் தனபாலின் வயிறு முறுக்கியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்க வேண்டியதாயிற்று. அன்று இரவும், மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே கதை. ஒரு நடை, இரண்டு நடை அல்ல. பண்ணைக்கும் கழிப்பறைக்கும் இடையே புதிதாக ஒரு ஒற்றையடித் தடம் விழுந்தது.

அவருக்குச் சந்தேகமே இல்லை. பத்தியம் முறிந்துவிட்டது.

இதை யாரிடம் சொல்வது? சென்னியம்மாளிடம் சொன்னால் கெங்கவல்லி வெளியே வரும். டாக்டரிடம் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஊசி நின்றால்? அந்த எண்ணத்தை அவர் முழுதாக நினைக்கவில்லை. பாதியிலேயே விட்டுவிட்டு மாதுளம்பழத் தோலை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். நம்பர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு தடவை எடுத்துக்கூடப் பார்த்தார். 'பாவம், அந்தப் புள்ளைக்கு எத்தனை நோயாளிக. இந்த அசிங்கத்தப் போயி எப்புடிச் சொல்றது?' என்று மடித்து வைத்துவிட்டார்.

"ஏனுங்க எளச்சுட்டீங்க?" என்று சென்னியம்மாள் கேட்டபோது, "சண்டை போடறனல்ல" என்றார்.

கல்யாணம் நாமக்கல்லில், பெரிய மண்டபம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் எதிர்பார்த்தது நடந்தது. மாமன் சீருக்கு மாலை எடுத்து வந்த ஆள் முதலில் காளிதாஸின் அண்ணன் கழுத்தில் போட்டுவிட்டு, பிறகு கோகுல்ராஜிடம் போனான். கோகுல்ராஜ் மாலையை வாங்கவில்லை.

"வாட்ஸ்அப்புல போட்டு உடுங்க மச்சான்! அங்கயே கழுத்துல மாட்டிக்கறேன்!"

"வந்தது வந்தே, வாயை ஊட்டுல வச்சுட்டு வரக்கூடாதா?"

"கூப்புடாத ஊட்டுக்கு வந்தது என் தப்புத்தான்!"

மேளக்காரர் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மண்டபம் முழுக்க ஒரே கேள்வி எழுந்தது. "தனபால் எங்க? தனபாலக் கூப்புடுங்க!"

தனபால் கழிப்பறையில் இருந்தார். விடிந்ததிலிருந்து பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். தேடி வந்தவர்களின் பின்னாலேயே காளிதாஸும் கோகுல்ராஜும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"பங்காளி! வெளிய வந்து நீயே கேளு இவன!"

"மாமா! நீங்க சொன்னீங்கன்னுதான வந்தேன்! கெங்கவல்லி வரைக்கும் வந்து கூப்பிட்டீங்கல்ல!"

கூட்டத்தில் நின்ற சென்னியம்மாளின் முகம் மாறியது. "கெங்கவல்லிக்கா?" என்றாள்.

கதவுக்கு உள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது. "உடுங்க பங்காளி... நம்மூட்டுக்..." காரியம் என்ற சொல் வரவில்லை. ஏதோ கனமாக விழும் சத்தம் வந்தது. வாளி ஒன்று உருண்டது.

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்த இருவரும் அந்தப் பிடியை விடாமலே ஒன்றாகக் கதவை முட்டி உடைத்தார்கள்.

சேலத்தில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் யாழினியின் பொறுமை முதல் முறையாகக் குறைந்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு? ஏன் போன் பண்ணலை? உயிருக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கும் ஐயா."

தனபால் ஒத்துக்கொண்டார். கெங்கவல்லி, கோகுல்ராஜின் தோள், பத்தியம், எல்லாவற்றையும் சொன்னார். லாரி டிரைவருக்கு வாங்கித் தந்த டீயைக்கூட விடவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐந்து வருடப் படிப்பு, அதற்கு மேல் படிப்பு, அதற்கும் மேல் படிப்பு. எதிலும் இது வரவில்லை.

"அம்மா, நான் அன்னைக்குப் பாதிதான் சொன்னேன் போலிருக்கு" என்றாள். "கட்டி மட்டும் கை வைக்கிறதில்லம்மா. நம்ம நல்ல உறுப்புங்களும் வைக்கும். குடல் இருக்கே, அதுல தினமும் நாம திங்கிற சோறு, கோடிக்கணக்குல கிருமி, எல்லாம் போய்க்கிட்டே இருக்கும். காவல்காரன் ஒவ்வொண்ணுக்கும் கோபப்பட்டா என்ன ஆகும்? குடல் அவன் தோள்ல கைய வச்சு, 'இது நம்ம இடம்ப்பா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தத் தோளு கட்டிக்காக வந்தது இல்ல. நம்மள நாமே அடிச்சுக்கக் கூடாதுன்னு உடம்பு வச்சது. கட்டி அதத் திருடிக்கிச்சு. நம்ம ஊசி தோளை மூடினப்ப, திருடன் கைக்கும் இடமில்ல, குடலோட கைக்கும் இடமில்ல. இப்ப காவல்காரன் குடலப் போட்டு அடிக்கிறான். அதான் வயித்துப்போக்கு. ஐயா கெங்கவல்லிக்குப் போனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சென்னியம்மாள் சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஊசி?"

"நிறுத்தித்தான் ஆகணும். காவல்காரன அடக்க ஸ்டீராய்டு தர்றோம்."

"நிறுத்துனா கட்டி?"

"ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்மா."

சென்னியம்மாள் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றாள். கோபப்பட ஆள் தேடும் அந்த முகத்துக்கு அன்றைக்கு யாரும் அகப்படவில்லை. பத்தியம் வைத்தவளைத் தவிர.

ஸ்டீராய்டு செல்களை அடக்கியது. வயிற்றுப்போக்கு நின்றது. ஆனால் அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே செல்களை அடக்கும். வெளியே ஆளைக் கிளப்பிவிடும். தூக்கம் போய், பசி எடுத்து, எரிச்சல் ஏறும். நாலாம் நாள் காலையில் தனபால் இட்லித் தட்டைப் பார்த்தார்.

"இதென்ன இட்லியா, லாரி டயருக்கு வைக்கிற கட்டையா?" என்றார்.

நர்ஸ் சத்யபிரியா சிரித்தாள். சென்னியம்மாள் சிரிக்கவில்லை. வாழ்நாளில் இந்த மனிதர் சாப்பாட்டைக் குறை சொல்லி அவள் கேட்டதில்லை. பின்னால் திரும்பி வேறு யாராவது பேசினார்களா என்று பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காளிதாஸ் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"பங்காளி, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அந்தக் கோகுல்ராஜ் இருக்கானே, நீ வந்து ஒருக்கா..."

"வாயை மூடு காளி!"

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் முனகலை நிறுத்திக்கொண்டார்.

"மைத்துனன நேர்ல போயிக் கூப்பிட உனக்குக் காலு வளையாது. நீ ஒடைக்கறதையெல்லாம் நானு ஒட்டிக்கிட்டே திரியணுமா? உங்கோவத்துக்கு நான் பந்தி பந்தியா உம்பக்கத்துல உக்காந்தேனே, ஒரு நாளாச்சும் எனக்குப் புடிச்ச ஆளுக்குப் பக்கத்துல உக்காந்து நான் சோறு தின்னிருக்கேனாடா?"

காளிதாஸ் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கோபம் வருகிறதா என்று அவரே உள்ளே தேடிப் பார்த்தார்போலும். வரவில்லை. "அதுவும் செரித்தான்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய், கெங்கவல்லிக்குப் பஸ் ஏறினார் என்று பிற்பாடு தெரிந்தது.

சென்னியம்மாள் வெகு நேரம் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்தது இல்லை.

ஸ்கேன் முடிவு வந்தது. டாக்டர் யாழினி படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள். கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது.

"ஊசி நின்னாலும், ஒருக்கா எழுப்பிவிட்ட செல்லுங்க பல பேருக்கு அடையாளம் மறக்காம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கும் அப்படி நடக்கணும்னு எதிர்பாக்கறோம். உறுதியா சொல்ல முடியாது. விட்டு விட்டு ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம்."

"நான் சொல்லல?" என்றாள் சென்னியம்மாள். "காளிதாஸ நாலு வார்த்தை வஞ்சாரு பாருங்க. அப்பவே சுருங்கியிருக்கும்."

"அம்மா, ஸ்கேன் அதுக்கு முந்தின நாள் எடுத்தது."

"திட்டறதுன்னு மனசுல முன்னாடியே நெனச்சிருப்பாருங்க சாமி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த ஊரில் மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதிதான் கொடுத்ததாக ஆகும் என்பது அவளுக்குக் கடைசியாகப் புரிந்தது. குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டாள்.

"சரி. பத்தியம் இல்லைன்னு அன்னைக்குச் சொன்னது என் தப்பு. பத்தியம் இருக்கு. கடுமையானது. முடியுமா?"

சென்னியம்மாளின் முதுகு நேரானது. "சொல்லுங்க சாமி."

"உடம்புல எது மாறினாலும் ஐயா அந்த நிமிஷமே எனக்குப் போன் பண்ணணும். எந்த இடமா இருந்தாலும் சரி, யாரு முன்னாடி இருந்தாலும் சரி. கூச்சப்பட்டு ஒரு வார்த்தையை முழுங்கினாலும் பத்தியம் முறிஞ்சுது. தொந்தரவா இருக்குமோன்னு நினைச்சாலே முறிஞ்சுது."

"மறைக்காம சத்தமாவே சொல்லச் சொல்லட்டுங்களா?"

"சத்தமாவே சொல்லட்டும்."

தனபால் நடுங்கிப்போனார். சண்டை போடச் சொன்னது இதற்குத் தேவலாம்.

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அதோடு தனபாலின் எரிச்சலும் இறங்கியது. பழைய மனுஷர் பெரும்பாலும் திரும்பி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் வீட்டில் மகளுக்கும் மருமகனுக்கும் கறி விருந்து. கோகுல்ராஜும் வந்திருந்தார், இந்த முறை நேரில் அழைக்கப்பட்டு. தனபாலுக்கு எங்கே இலை போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, கடைசியில் அவரையே கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஜன்னலோரமாகக் காற்று வருகிற இடத்தைக் காட்டினார்.

இரண்டாம் தடவை கறி வாங்கியதும் வயிறு லேசாக முறுக்கியது. தனபால் அசையாமல் உட்கார்ந்தார். பந்தி நிறைய ஒறம்பரைச் சொந்தங்கள். புது மாப்பிள்ளை நேர் எதிரே எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சென்னியம்மாள் குழம்பு வாளியோடு வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நம்பரைப் போட்டு, அவர் காதில் வைத்தாள்.

"டாக்டரம்மாங்களா? தனபால் பேசறனுங்க. விருந்துல இருக்கனுங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "வயிறு கட முடாங்குதுங்க! காலைல ஒருக்கா போச்சுங்க! எளக்கமுங்க!"

எதிர் இலையில் எலும்பு நின்றது.

"நெறமுங்களா? மஞ்சளுங்க! இல்லீங்க, ரத்தமெல்லாம் இல்லீங்க! சளி மாதிரியும் இல்லீங்க!" வழக்கம் பிடிபட்டுவிட்டது. குரல் தெளிவாக, வாசல் வரைக்கும் கேட்கும்படி வந்தது. "என்ன சாப்பிட்டனா? கறிக் கொழம்புங்க, குடலு வறுவலுங்க, தலைக்கறியும் கொஞ்சமுங்க!"

அந்தப் பக்கம் டாக்டர் சற்றுப் பேசினாள். தனபாலின் முகம் மலர்ந்தது.

"ஊசியால இல்லீங்களாமா! கறி ஒத்துக்கலயாமா!" என்று பந்திக்கே அறிவித்தார். "சாயந்தரம் வரைக்கும் பாத்துப்போட்டு மறுக்கா போன் பண்ணச் சொல்றாங்க."

"கறி ஒத்துக்கலயா?" காளிதாஸ் எழுந்துவிட்டார். "எங்கூட்டுக் கறிக்கு என்ன கொறச்சல்? காலைல வெட்டுன கெடா!"

"கெடாவா அது? எங்க தாத்தன் வயசு இருக்கும்!" என்றார் கோகுல்ராஜ், வெகு நாளாகக் காத்திருந்தவர்போல.

பந்தி முழுவதும் ஜன்னலோரம் திரும்பியது. தனபால் இடது கையை மட்டும் லேசாக உயர்த்தி, பேசுகிறவர்களை நிறுத்தினார்.

"சித்தெ இருங்க. டாக்டரம்மா லைன்ல இருக்காங்க" என்றார். பிறகு போனுக்குள், "ஆமாங்க, மோர் குடிக்கலாங்களா?" என்று கேட்டார்.